பிரபுக் குடும்பத்து ஓவியங்களில் நாய், கையுறை, திரைச்சீலை எல்லாம் எதற்கு? இவற்றை எப்படிப் பார்ப்பது?

பொன்னி:

வணக்கம். போன மாதம் லண்டனில் தம்பி வீட்டில் பதினைந்து நாள் இருந்தேன். ஒரு நாள் முழுக்க நேஷனல் கேலரியில் தனியாகச் சுற்றினேன், கால் வலியும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை. ஆனால் ஒரு வகைப் படம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. பெரிய இடத்துக் குடும்பங்கள் காசு கொடுத்து வரையச் சொன்ன குடும்பப் படங்கள். பட்டின் பளபளப்பு, லேஸ், நாயின் ரோமம் எல்லாம் கை நீட்டினால் விரலில் படும் போல இருக்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை, பிள்ளைகள்கூடப் பெரியவர்கள் மாதிரி நிற்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை.

இரண்டு படங்கள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்று, கெய்ன்ஸ்பரோ வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதி. அந்தப் பெண் நீலப் பட்டு உடையில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஓரிடம் மட்டும் வரையாமல் வெறும் பழுப்புத் திட்டாக விட்டிருக்கிறது. முதலில் படம் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன், கிட்டே போய்ப் பார்த்தால் வேண்டுமென்றே விட்ட மாதிரி இருக்கிறது. இன்னொன்று, திஷியன் வரைந்த வெண்ட்ராமின் குடும்பம். குடும்பம் என்று பெயர் போட்டிருக்கிறது, படத்தில் இருப்பதோ தாடி வைத்த ஆண்களும் பையன்களும் மட்டும்தான். ஒரு பெண்கூட இல்லை.

இணையத்தில் தேடினால் நாய் என்றால் விசுவாசம், பழம் என்றால் வம்ச விருத்தி, கையுறை என்றால் மேன்மை என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் படம் பார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்தப் படங்களுக்கு முன்னால் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

சித்திரக்காரன்:

பொன்னி அக்கா, நல்ல கேள்வி. நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன், ஆனாலும் இந்தப் படங்களைப் பிடித்துப் பார்க்க எனக்கும் பல வருடம் ஆனது. நீங்கள் முகத்தில் பாசத்தைத் தேடியதால்தான் ஏமாந்தீர்கள் என்று நினைக்கிறேன். இவற்றைப் பத்திரம் படிப்பது போலப் படித்துப் பாருங்கள். நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன், வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் வயல் என்று நான்கெல்லை எழுதி, யாருக்கு எந்தப் பாத்தியதை என்று முடிப்பார்கள் அல்லவா, பிரபுக் குடும்பங்கள் ஓவியரிடம் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். சொத்து யாருடையது, எந்த வழியில் வந்தது, இனி யாருக்குப் போகும் என்பதைச் சுவரில் மாட்டிவைப்பது. மாளிகைக்கு வரும் உறவுக்காரனும் குத்தகைக்காரனும் வழக்குப் போட நினைப்பவனும் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ரூஸ் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1750 வாக்கில் வரைந்தது. ராபர்ட் ஆண்ட்ரூஸ், பிரான்சிஸ் கார்ட்டர் இருவருக்கும் 1748 நவம்பரில் திருமணம், பெண்ணுக்கு அப்போது பதினாறு வயதளவில்தான் இருக்கும். கெய்ன்ஸ்பரோவும் அதே சட்பரி ஊர்க்காரர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். புதுமணத் தம்பதி படம் என்றால் நாம் என்ன செய்வோம், இருவரையும் நடுவில் வைப்போம். இங்கே இருவரும் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள், வலது பாதி முழுவதும் நிலம். அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள், நேர் வரிசையில் தாள், தூரத்தில் ஆடுகள். எல்லாம் இருக்கிறது, ஆனால் வயலில் ஓர் ஆள் இல்லை பாருங்கள். அறுத்தது யார், கட்டியது யார் என்பது பத்திரத்துக்கு வேண்டாத விஷயம், அதனால் படத்திலும் இல்லை. முதல் தடவை இதைக் கவனித்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு அடைத்தது, ஏனென்றால் நான் அறுவடைக்குப் போகிறவர்கள் வீட்டில் பிறந்தவன்.

அப்புறம் அவர் கையிடுக்கில் இருக்கும் துப்பாக்கி. அது வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. இங்கிலாந்தில் 1671-ல் வந்த வேட்டைச் சட்டப்படி, வருடம் 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான வேறு தகுதியோ இருந்தால்தான் ஒருவர் முயலோ கவுதாரியோ வேட்டையாடலாம். வாரத்துக்கோ கூலிக்கோ உழுகிறவன் தன் வயலில் மேய்கிற முயலைச் சுட்டாலும் குற்றம். ஆக அந்தத் துப்பாக்கியைப் பார்த்த உடனே அந்தக் காலத்து ஆளுக்கு இவர் எந்தத் தட்டு என்று தெரிந்துவிடும், நம்மிடம் பட்டாவைக் காட்டுவது மாதிரி.

மடியில் விட்ட இடத்துக்கு வருகிறேன். வேட்டையில் சுட்ட பறவை ஒன்றை மடியில் வைத்து வரையத் திட்டமிட்டிருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒதுக்கிய இடம் என்று இன்னொரு சாரார். எனக்குக் குழந்தைதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் இந்த வகைப் படங்களில் இப்படி இடம் பிடித்து வைக்கிற வழக்கம் வேறு இடத்திலும் உண்டு. மாட்ரிட்டின் பிராடோ காட்சியகத்தில் கோயா வரைந்த ஸ்பெயின் ராஜா நான்காம் கார்லோஸின் குடும்பப் படம் இருக்கிறது, 1800-லிருந்து 1801-க்குள் வரைந்தது. அதில் இளவரசர் பெர்னாண்டோ பக்கத்தில் ஒரு பெண் நல்ல உடையும் நகையுமாக நிற்கிறாள், முகத்தை மட்டும் பின்னால் திருப்பிக்கொண்டிருக்கிறாள். காரணம் என்னவென்றால், இளவரசருக்கு அப்போது பெண் முடிவாகவில்லை. கல்யாணம் நடந்ததே 1802-ல்தான். யார் வந்தாலும் வரப்போகும் மருமகளுக்கு இடம் தயார், முகம்தான் பாக்கி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆண்ட்ரூஸ் வீட்டு மடியைப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பெண், அவள் மேல் அந்தக் குடும்பம் வைத்திருக்கிற எதிர்பார்ப்பு முழுவதும் அந்தப் பழுப்புத் திட்டில் இருக்கிறது.

வெண்ட்ராமின் படம் 1540-களில் தொடங்கியது. வெனிஸ் நகரத்தின் பழைய குடும்பம். நடுவில் பலிபீடத்தில் இருப்பது திருச்சிலுவையின் துண்டு வைத்த பேழை. இவர்களுடைய முன்னோர் ஒருவர், படத்தில் இருக்கும் அப்பாவைப் போலவே அவர் பெயரும் ஆந்திரேயா வெண்ட்ராமின்தான், ஊர்வலத்தில் அது கால்வாயில் விழுந்தபோது நீரில் இறங்கி மீட்டார் என்பது குடும்பத்தின் பெருமை. அந்தப் பெருமைதான் படத்தின் மூலப் பத்திரம். படத்தில் ஏழு மகன்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் ஆறு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களுக்குப் படத்தில் இடமில்லை. பெண்கள் சீர் வாங்கிக்கொண்டு வேறு வீட்டுக்கோ மடத்துக்கோ போகிறவர்கள், குடும்பப் பெயர் ஆண் வழியில் போகும், அவ்வளவுதான் கணக்கு. நீங்கள் பார்த்த உடனே ஒரு பெண்கூட இல்லை என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் எண்ண வேண்டும்.

சிரிக்காதது பற்றி ஒரு வரி. பல் தெரியச் சிரிப்பது குடிகாரனுக்கும் கோமாளிக்கும் சந்தைக்காரனுக்கும் உரியது என்பது அவர்கள் எண்ணம். 1787-ல் விஜே லெ புருன் என்ற பிரெஞ்சுப் பெண் ஓவியர் தன்னையும் மகளையும் வரைந்து கண்காட்சியில் வைத்தபோது, உதடு திறந்து பல் லேசாகத் தெரிகிறது என்பதற்கே பாரிஸில் முகம் சுளித்தார்கள்.

தெற்கத்தி:

சித்திரக்காரன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அக்கா சொன்ன அந்தப் பட்டியல்கள் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை ஆட்களைத் தப்பாகப் பழக்குகின்றன. நாய் என்றால் விசுவாசம் என்று ஒரே பொருள் கிடையாது. ஆண்ட்ரூஸ் காலடியில் நிற்பது வேட்டை நாய், அது துப்பாக்கியோடு சேர்ந்து அவருடைய உரிமையைச் சொல்கிறது. வெண்ட்ராமின் படத்தில் சிவப்புக் காலுறை போட்ட சின்னப் பையன் கையில் வைத்திருப்பது குட்டி நாய், பெரியவர்கள் சிலுவையை வணங்கிக்கொண்டிருக்க, அது அவனைக் குழந்தையாகவே காட்டுகிறது. ஓவியர் வான் டைக் 1637-ல் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் ராஜாவின் ஐந்து மூத்த பிள்ளைகளை வரைந்தார். நடுவில் ஏழு வயது இளவரசன், பக்கத்தில் அவன் மார்பளவுக்கு ஒரு பெரிய காவல் நாய். பையன் கையை அதன் தலைமேல் சாதாரணமாக வைத்திருக்கிறான், அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு பெரிய மிருகம் இந்தச் சின்னக் கைக்கு அடங்குகிறது என்றால் நாளைக்கு நாடும் அடங்கும் என்பதுதான் சேதி. மூன்று படம், மூன்று நாய், மூன்று அர்த்தம். நாய் எவ்வளவு பெரியது, யார் தொடுகிறார்கள், அது எங்கே பார்க்கிறது, இதைப் பார்த்தால் போதும், அகராதி வேண்டாம்.

கையுறையும் அப்படித்தான். மாட்டியிருக்கிறாரா, கழற்றிக் கையில் பிடித்திருக்கிறாரா, யாரிடமாவது நீட்டுகிறாரா என்று பாருங்கள்.

பொன்னி:

இருவருக்கும் நன்றி. போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி வயலில் ஆள் இருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவர்கூட இல்லை. அங்கே நின்ற நேரத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லையே.

பத்திரம் என்று சொன்னதும் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. பத்திரம் எழுதச் சொல்கிறவர் எப்போதும் ஆண்தானா? எங்கள் பாட்டிக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் ஒரு குழிகூடக் கொடுக்கவில்லை, கடைசி வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தனக்குக் கிடைக்காததைப் படமாக வரையச் சொல்லிக் கேட்ட பெண் யாராவது இருக்கிறாளா?

நூலகத்துப் பூனை:

பொன்னிம்மா, இருக்கிறார். இந்தக் கேள்விக்காகவே பல வருடம் காத்திருந்த மாதிரி இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் ஆன் கிளிஃபர்டு. 1590-ல் யார்க்‌ஷையரில் ஸ்கிப்டன் கோட்டையில் பிறந்தவர். அப்பா கம்பர்லாந்து ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்), பெரிய கடல் வீரர். இரண்டு தம்பிகளோ அண்ணன்களோ மிஞ்சியிருந்தால் கதை வேறு, ஆனால் அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் ஆறு வயதுக்குள் இறந்துவிட்டார்கள். ஆக ஒரே வாரிசு இவர். 1605-ல் அப்பா சாகும்போது கோட்டைகளையும் நிலத்தையும் தன் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டு மகளுக்கு 15,000 பவுண்டு பணம் என்று முடித்துவிட்டார். அப்போது ஆனுக்கு வயது 15. அம்மாவும் மகளும் வழக்குப் போட்டார்கள். பழைய ஏற்பாட்டின்படி அந்தச் சொத்து ஆணோ பெண்ணோ நேர் வாரிசுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1617-ல் ராஜா முதலாம் ஜேம்ஸே நேரில் உட்காரவைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடு என்றார். முதல் கணவரும் அதையே சொன்னார், அவருக்குப் பணம் வேண்டும். ஆன் ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது.

இப்போது முதல் படம். தெற்கு இங்கிலாந்தில் வில்டன் மாளிகையில் 60 அடி நீளம், 30 அடி அகலம், 30 அடி உயரம் உள்ள கூடம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் ஏறத்தாழ 17 அடி அகலத்துக்கு வான் டைக்கின் பெம்புரோக் குடும்பப் படம், 1635 வாக்கில் வரைந்தது. பெம்புரோக் ஏர்ல்தான் ஆனின் இரண்டாம் கணவர். மொத்தம் பத்து பேர். ஏர்ல் கையில் அரண்மனைப் பதவிக் கோல், பின்னால் குலச்சின்னம் போட்ட பெரிய திரை, மேலே மேகத்தில் குட்டித் தேவதைகள், அவை சிறு வயதில் இறந்துபோன அவருடைய பிள்ளைகள். முன்னால், எல்லோரையும் விட வெளிச்சமாக, வெள்ளைச் சாட்டினில் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். அவள் வீட்டு மகள் இல்லை. பக்கிங்ஹாம் டியூக்கின் மகள் மேரி வில்லியர்ஸ், மூத்த பையனுக்கு முடித்த மருமகள். பெரிய சம்பந்தம், அதனால் ஒளி முழுவதும் அவள்மேல். அந்தப் பையன் பாவம், கொஞ்ச காலத்திலேயே இத்தாலியில் பெரியம்மை வந்து இறந்துவிட்டான்.

சரி, ஆன் எங்கே? ஏர்லுக்குப் பக்கத்திலேயே, சபையின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். கறுப்பு உடை. கைகளைக் குறுக்காக மடித்து வைத்திருக்கிறார். சுற்றி இத்தனை பேர் திரும்புகிறார்கள், கை நீட்டுகிறார்கள், படியேறுகிறார்கள், இவர் மட்டும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் இவரைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஏர்லின் முதல் மனைவி பெற்றவர்கள். ஆனின் சொந்த மகள்கள் படத்தில் இல்லை. படம் வரைந்த காலத்தில் கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் ஏர்லின் மனைவி என்ற இடம் ஒன்று இருக்கிறது, அந்த இடத்தில் ஓர் ஆள் வேண்டும், அதற்காக உட்காரவைத்திருக்கிறார்கள். வான் டைக் அந்த மடித்த கைகளை அப்படியே விட்டது எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றும்.

1643-ல் சித்தப்பாவின் மகன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். முப்பத்தெட்டு வருடம் கழித்து, வழக்கில் வெல்லாமலே, சொத்து ஆனிடம் திரும்பி வந்தது. வந்ததும் 1646-ல் ஒரு படம் வரையச் சொன்னார். யான் வான் பெல்காம்ப் என்ற ஓவியர் வரைந்ததாகக் கருதப்படுகிறது. 'பெரிய படம்' என்றே அதற்குப் பெயர். மூன்று பலகை, மொத்தம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் அகலம், உயரம் இரண்டரை மீட்டர். வடக்கே கெண்டல் ஊரில் அபட் ஹால் காட்சியகத்தில் இருக்கிறது.

நடுப் பலகையில் அப்பா கவசத்தோடு, அம்மா, இறந்துபோன அந்த இரண்டு சகோதரர்கள். காலம் 1589, அம்மாவின் வயிற்றில் ஆன் உருவான நேரம் என்று எழுத்தாகவே குறித்திருக்கிறார்கள். இடது பலகையில் பதினைந்து வயது ஆன், அதாவது சொத்து கைவிட்டுப் போன வயது. பக்கத்தில் வீணை போன்ற லூட், அலமாரியில் ஒழுங்காக அடுக்கிய புத்தகங்கள், சுவரில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் படமும் வளர்த்த அம்மாளின் படமும். வலது பலகையில் ஐம்பத்தாறு வயது ஆன். உடம்பு பருத்து, கறுப்பு உடையில், காலடியில் நாயும் பூனையும். இங்கேயும் அலமாரி இருக்கிறது, ஆனால் புத்தகங்கள் சாய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தும் கிடக்கின்றன, எடுத்து எடுத்துப் படித்த அலமாரி. மேலே இரண்டு சின்னச் சட்டங்களில் இரண்டு கணவர்கள். அவ்வளவுதான் அவர்களுக்குக் கொடுத்த இடம். வில்டனில் பத்து பேரில் ஒருத்தியாக இவரை உட்காரவைத்தவர், இங்கே சுவரில் மாட்டிய படமாகச் சுருங்கிவிட்டார்.

இன்னொன்று, இதை நான் படத்தின் பெரிய பிரதியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன், ஓரங்களில் மேலிருந்து கீழ்வரை கேடயம் கேடயமாகக் குலச்சின்னங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் யார் யாரை மணந்தார், யாருக்கு யார் பிறந்தார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கிறது. மற்ற குடும்பங்கள் பத்திரத்தைப் படமாக மறைத்து எழுதின, இவர் பத்திரத்தையே படத்தில் ஒட்டிவிட்டார். வயிற்றில் ஒரு தடவை, பதினைந்தில் ஒரு தடவை, ஐம்பத்தாறில் ஒரு தடவை என்று மூன்று முறை தானே இருக்கிறார். நடுவில் போன முப்பத்தெட்டு வருடம் படத்தில் இல்லை. அவருக்கு அது கணக்கில் சேராத காலம் போலும்.

உங்கள் பாட்டி இதைப் பார்த்திருக்க வேண்டும்.

வாசகன்78:

இறந்த பிள்ளைகளைத் தேவதையாக வரைந்தது பற்றி வந்ததால் சொல்கிறேன், லண்டனில் டேட் பிரிட்டன் காட்சியகத்தில் சால்டன்ஸ்டால் குடும்பப் படம் இருக்கிறது, 1636, 37 வாக்கில் டேவிட் டெ கிரான்ஜஸ் வரைந்தது. சிவப்புத் திரை போட்ட கட்டிலில் வெள்ளையாக, முகமும் வெளுத்து, ஒரு பெண் படுத்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் இன்னொரு பெண் கைக்குழந்தையோடு. பார்த்தால் பிரசவ அறை போலத் தெரியும். கட்டிலில் இருப்பது 1630-லேயே இறந்துபோன முதல் மனைவி, நாற்காலியில் இருப்பது இரண்டாம் மனைவி. முதல் மனைவியின் கை அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளின் பக்கம் நீண்டிருக்கிறது. அப்பா மூத்தவனின் கையைப் பிடித்திருக்கிறார், மூத்தவன் தங்கையின் கையைப் பிடித்திருக்கிறான். பாவாடை போட்டிருப்பதால் பெண் என்று நினைத்துவிடாதீர்கள், ஆறேழு வயது வரை அங்கே ஆண் பிள்ளைக்கும் பாவாடைதான், அவன்தான் வாரிசு. அந்த வெளுத்த கை எனக்கு எந்தச் சின்னத்துக்கும் அடங்காது. சித்தி வந்துவிட்டாள், பிள்ளைகளை விட்டுவிடாதே என்று சொல்வது போல இருக்கும்.

மலர்விழி:

வேலைக்காரர்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. வயலில் ஆள் இல்லை என்று சித்திரக்காரன் தம்பி சொன்னார், வீட்டுக்குள் ஆள் இருக்கிற படம் ஒன்றைச் சொல்கிறேன். பெர்லின் கெமால்டெகேலரி காட்சியகத்தில் ரெனால்ட்ஸ் 1765, 66-ல் வரைந்த ஜார்ஜ் கிளைவ் குடும்பப் படம் இருக்கிறது. இவர் நம் சென்னைக் கோட்டையில் எழுத்தராக வந்து இறங்கிய ராபர்ட் கிளைவுக்குச் சொந்தக்காரர், இந்தியாவில் பெரும் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர். படத்தில் அவர், மனைவி, சின்ன மகள். மகளுக்கு இந்திய உடை, நகை. அந்தக் குழந்தையை மண்டியிட்டுத் தாங்கிப் பிடித்திருப்பது ஓர் இந்திய ஆயா.

அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் பெயர் உண்டு. ஆயாவுக்குப் பெயர் பதிவாகவில்லை. குழந்தையின் உடையும் ஆயாவும் சேர்ந்துதான் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கின்றன, அதற்காகவே வரைந்திருக்கிறார்கள். ஆனால் ரெனால்ட்ஸ் அந்த முகத்தை அலட்சியமாகப் போடவில்லை. படத்தில் உண்மையாக அந்தக் குழந்தையைத் தாங்கிக்கொண்டிருப்பவள் அவள்தான். நான் இரண்டு பிள்ளைகளை வேலைக்காரம்மா கையில் விட்டு வேலைக்குப் போனவள், அந்தக் கையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். கப்பலேறி அவ்வளவு தூரம் போனவள் திரும்பி வந்தாளா என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

தெற்கத்தி:

மலர்விழி அக்கா, இதைச் சொன்னதற்கு நன்றி. இந்தப் படத்தை ஆயாவிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஸ்டூடியோ பேரன்:

எங்கள் தாத்தா சின்ன ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பின்னால் தொங்கும் கித்தான் திரையில் ஒரு ரோமாபுரித் தூண், அதில் சுற்றிய திரைச்சீலை, தூரத்தில் தோட்டம். முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி. விவசாயி வீட்டுக் கல்யாண ஜோடியும் அந்தத் தூண் பக்கத்தில்தான் நிற்கும். அந்தத் தூணும் சீலையும் இந்தப் பிரபுக்கள் படத்திலிருந்து ஐரோப்பிய போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய், அங்கிருந்து நம் ஊருக்கு வந்தவை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பொன்னி அக்கா, உங்கள் வீட்டுப் பழைய போட்டோவில் தூண் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாத்தா போட்டோ அளவுக்குத் தகுந்த மாதிரி காசு வாங்குவார். ரெனால்ட்ஸும் அப்படித்தான், 1780-களில் தலை மட்டும் என்றால் 50 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துத் தங்க நாணயம்), அரையுருவம் 100, காலோடு முழுவுருவம் 200. அதனால் ஒரு மாளிகைச் சுவரில் கால் வரை தெரிகிற படம் இருந்தால், வந்த விருந்தாளிக்கு எவ்வளவு செலவு என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

பொன்னி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலையில் பெட்டியிலிருந்து தாத்தா பாட்டி போட்டோவை எடுத்துப் பார்த்தேன். தூண் இருக்கிறது. தாத்தா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், பாட்டி பின்னால் நிற்கிறாள், ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கிறது. இத்தனை வருடம் பார்த்த படம், அவள் அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன், விரல் நுனி வெளுத்திருக்கிறது.

அடுத்த வருடமும் தம்பி கூப்பிட்டிருக்கிறான். கெண்டல் லண்டனிலிருந்து போய்வரக்கூடிய தூரமா?

நூலகத்துப் பூனை:

போகலாம் பொன்னிம்மா. யூஸ்டன் நிலையத்தில் வடக்கே போகும் ரயிலில் ஏறி ஆக்சன்ஹோமில் இறங்கிக் கிளை ரயில் பிடித்தால் கெண்டல். ஒரே நாளில் திரும்புவது அலைச்சல், ஒரு ராத்திரி தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கிப்டன் கோட்டையையும் பார்க்கலாம். கிளம்புமுன் காட்சியகம் திறந்திருக்கிறதா, படம் வெளியே வைத்திருக்கிறார்களா என்று தம்பியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். போனதும் முதலில் வலது பலகையின் அலமாரியைப் பாருங்கள்.